கோட்டாறு முதல் களியக்காவிளை வரை, என் கடைக்காரர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

குமரி மாவட்டத்தில் விற்பனைப் பிரதிநிதியாக 31 வருடம். சோப்பு, பிஸ்கட், தேயிலை என்று சரக்கு மாறியது, லைன் மாறவில்லை. திங்கள் கோட்டாறு கம்போளச் சந்தை, செவ்வாய் மணக்குடி, ராஜாக்கமங்கலம், வெள்ளி குலசேகரம், சனி மார்த்தாண்டம், களியக்காவிளை. இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன். வழியனுப்பு விழாவில் ‘சமூக சேவகர்’ என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். தொண்டை அடைத்துப் பேச்சு வரவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்: கேட்டது மட்டும்தான் நான், கொடுத்தது நீங்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்தோறும் நான் கடந்துபோகும் மணக்குடிப் பாலத்தைக் கடல் உடைத்துப் போட்டது. மறுநாள் கம்போளத்தில் கடை கடையாக ஏறினேன். எழுதிக்கொள்ள நோட்டை எடுத்தபோது, “கணக்கு பிறகு பாக்கலாம், முதல்ல டெம்போவை விடு” என்றார் ஓர் அண்ணாச்சி. அரிசி மூட்டைகளுக்கு மேலே சட்டி, தீப்பெட்டி, பெண்களுக்கு மாற்று உள்ளாடை, நாப்கின் எல்லாம் கட்டி வைத்தது வடசேரி அக்கா ஒருவர். எங்களில் எந்த ஆணுக்கும் அது தோன்றவில்லை. முகாமில் பெண்கள் அந்தக் கட்டைத்தான் முதலில் பிரித்தார்கள். அந்த அக்காவுக்கு இன்றுவரை நேரில் நன்றி சொன்னதில்லை. அக்கா, நன்றி.

ரத்ததான நோட்டு பிறகு வந்தது. ஒருமுறை கொடுத்தால் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். ஆர்டர் எழுதும்போதே கடைப் பிள்ளைகளின் ரத்த வகையையும் அடுத்த தேதியையும் குறித்துக்கொள்வேன். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையிலிருந்து எந்நேரம் போன் வந்தாலும் ஆள் அனுப்பினீர்கள். கூட்டமான பண்டிகை நாளிலும் சம்பளம் பிடிக்காமல் அனுப்பினீர்கள்.

இனி ஒரு தம்பியைப் பற்றி. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்த பையன், பேசினால் திக்கும். படிப்பு முடித்த பிள்ளைகளைச் சனிக்கிழமை லைனுக்குக் கூட்டிப் போவது என் வழக்கம். நாலு கடை ஏறி இறங்கினால் ஆள் முகம் பார்த்துப் பேச்சு வரும் என்பது என் நம்பிக்கை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில், வாசலில் ஏழெட்டுப் பேர் காத்து நிற்க, பிஸ்கட்டின் பெயர் அவன் வாயில் சிக்கிக்கொண்டது. நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். கடைக்காரர் என்னைக் கையமர்த்திவிட்டு, “அவசரமில்ல மக்கா, சொல்லி முடி” என்றார். முழுதும் சொல்லும்வரை தராசைத் தொடவில்லை. இளைஞர்களுக்கு வழிகாட்டுவது எப்படி என்று அன்று நான் கற்றுக்கொண்டேன். அதுவரை அவர்களுக்காக நானே பேசிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்குக் குடோன் மாடியை வாடகையில்லாமல் தந்த ஏஜென்சி முதலாளிக்கும், வரும் பிள்ளைகளுக்கெல்லாம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆக்கிப்போட்ட என் மனைவிக்கும் நன்றி. ஞாயிறுகளில் அவளுக்கு ஓய்வே இருந்ததில்லை.

ரத்ததான நோட்டை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் அதே லைனில் விற்பனைப் பிரதிநிதி. திங்கட்கிழமை கம்போளத்துக்கு வருவான். உங்களில் பதினோரு பேருக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது.