தரவரிசையைப் பவுண்டில் எண்ணாதீர்கள்: உலக ஸ்னூக்கர் டூருக்கு ஒரு திறந்த மடல்

உலக ஸ்னூக்கர் டூர் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நான் குன்னூர்க்காரன். ஜபல்பூரில் 1875இல் ராணுவ அதிகாரிகள் பொழுதுபோக்காக ஆரம்பித்த இந்த ஆட்டத்துக்கு 1882இல் விதிகளை முறையாக எழுதி மாட்டிய ஊட்டி கிளப், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். நான் ஆடுவது அங்கே இல்லை, கடைவீதி மாடியில் இரண்டே மேஜை போட்ட ஒரு பார்லரில். ஆனால் இருபது வருஷமாக உங்கள் டூரை, அதாவது நீங்கள் நடத்தும் தொழில்முறைப் போட்டிகளை, தொடர்ந்து பார்த்து வருகிறேன். உலக சாம்பியன்ஷிப் இறுதியின் கடைசி செஷன் எங்களுக்கு இரவு 11.30க்குத்தான் தொடங்கும். மறுநாள் வேலை இருந்தாலும் முடிகிறவரை உட்கார்ந்திருப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2014-15 பருவத்திலிருந்து உங்கள் தரவரிசை என்பது இரண்டு வருஷப் பரிசுப் பணத்தின் கூட்டல்தான். தரவரிசைப் போட்டியில் ஒருவர் ஒரு பவுண்டு வென்றால் ஒரு புள்ளி. கணக்கு எளிமையானது, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எதை அளக்கிறது? யார் நன்றாக ஆடுகிறார் என்பதையா, எந்தப் போட்டிக்குப் பெரிய ஸ்பான்சர் கிடைத்தார் என்பதையா?

2024-25 பருவத்தையே எடுத்துக்கொள்வோம். கைரன் வில்சன் அந்த ஒரே பருவத்தில் நான்கு தரவரிசைப் பட்டங்களை வென்றார்: சியான் கிராண்ட் பிரீ, வடக்கு அயர்லாந்து ஓபன், ஜெர்மன் மாஸ்டர்ஸ், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். சீனா, பெல்ஃபாஸ்ட், பெர்லின் என்று ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு இடத்திலும் வேறு மேஜை, வேறு எதிராளி, கடைசி நாள் வரை தாக்குப்பிடித்து வாங்கிய நான்கு கோப்பைகள். அந்த நான்கின் பரிசையும் கூட்டினால் 5 லட்சம் பவுண்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதே பருவத்தில் ரியாத்தில் நடந்த சவூதி அரேபியா மாஸ்டர்ஸின் இறுதியில் ஜட் ட்ரம்ப், மார்க் வில்லியம்ஸை 10-9 என்று ஒரே ஒரு பிரேம் வித்தியாசத்தில் வென்றதற்கும் 5 லட்சம். ட்ரம்ப் பெரிய வீரர், அந்த இறுதியும் அருமையான ஆட்டம், அவர் வாங்கிய பணத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வங்கிக் கணக்கில் அது இருக்கட்டும். ஒரு கோப்பையும் நான்கு கோப்பைகளும் தரவரிசையில் கிட்டத்தட்ட ஒரே எடையாக நிற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு முன்பு இப்படி இல்லையே. புள்ளி முறை இருந்த காலத்தில் உலக சாம்பியனுக்கு 10,000 புள்ளி, யுகே சாம்பியனுக்கு 8,000, வெல்ஷ் ஓபன் வென்றவருக்கு 5,000. அதாவது வெல்ஷ் ஓபன், உலகப் பட்டத்தில் பாதி. இன்று உலகப் பட்டம் 5 லட்சம், யுகே இரண்டரை லட்சம், வெல்ஷ் ஓபன் 1 லட்சம். பாதியாக இருந்தது ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அந்த மேஜையில் பந்து போடுவது ஒன்றும் அதற்குள் சுலபமாகிவிடவில்லை.

இதனால் வீரர்களுக்கும் நல்லதில்லை. லூக்கா ப்ரெசல் 2023இல் உலக சாம்பியன் ஆனார். அதற்கு முன் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் க்ரூசிபிள் அரங்கில் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. அரையிறுதியில் 5-14 என்று பின்தங்கியிருந்து சி ஜியாஹூயியை 17-15 என்று வென்றாரே, மறுநாள் நான் பார்லரில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த 5 லட்சம் இரண்டு வருஷம் அவரைத் தூக்கிப் பிடித்தது, 2025 மே மாதம் கணக்கிலிருந்து கழிந்ததும் முதல் 16 பேருக்கு வெளியே தள்ளியது. ஒரே வாரத்தில் ஒருவர் இத்தனை இடம் கீழே போகிறார் என்றால் அந்த வாரத்தில் அவர் ஆட்டம் கெட்டுப்போனதாக அர்த்தமா?

ஜாவோ ஷின்டாங் கதை இதற்கு நேர் எதிர். 2025இல் அமெச்சூராக வந்து, நான்கு தகுதிச் சுற்று ஆட்டங்களைத் தாண்டி, அரையிறுதியில் ரானி ஓ'சல்லிவனை 17-7 என்று வீழ்த்தி, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று ஆசியாவின் முதல் உலக சாம்பியன் ஆனார். அதைப் பார்த்து எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனாலும் அந்த ஒரே போட்டியின் பணத்தை வைத்துக்கொண்டே அடுத்த பருவத்தை 11ஆம் இடத்தில் தொடங்க முடிந்தது என்பது அவர் திறமையைப் பற்றி எதையும் சொல்லவில்லை, உங்கள் கணக்கைப் பற்றித்தான் சொல்கிறது.

அப்புறம் கீழே இருப்பவர்கள். எனக்கு அதிகம் கவலை இவர்களைப் பற்றித்தான். டூரில் சுமார் 128 பேர். உலக சாம்பியன்ஷிப் முடிந்ததும் முதல் 64 இடத்தில் இருப்பவர்களுக்கு டூர் கார்டு, அதாவது டூரில் ஆடும் உரிமை, நிலைக்கும், மற்றவர்களில் கார்டுக் காலம் முடிந்தவர்கள் கியூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டியில் வரிசையில் நிற்க வேண்டும். க்ரூசிபிளுக்குள் நுழைந்து முதல் சுற்றிலேயே தோற்றாலும் 20,000 பவுண்டு. ஒரு பருவம் முழுக்க ஆடியும் அவ்வளவு சம்பாதிக்காதவர்கள் இருந்ததால்தானே 2022இல் நீங்களே 20,000 பவுண்டு உறுதித்தொகை கொண்டுவந்தீர்கள்? அது நல்ல காரியம், நன்றி. ஆனால் வருஷம் முழுக்கச் சின்னச் சின்ன வெற்றிகளைச் சேர்த்தவரை, ஏப்ரலில் ஒரு வாரம் கை நன்றாக வந்த இன்னொருவர் தாண்டிப் போய்விடுகிறார். அந்த 64க்கும் 65க்கும் நடுவில் இருப்பது ஒரு மனிதரின் பிழைப்பு. இந்தியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வந்து, தகுதிச் சுற்றுகளுக்காக இங்கிலாந்தில் வீடெடுத்துத் தங்கி ஆடுபவருக்கு அது இன்னும் பெரிது. எங்கள் இஷ்பிரீத் சிங் சத்தா 2024 இங்கிலிஷ் ஓபனில் அரையிறுதி வரை போனார். அப்படி ஒரு வாரத்துக்கு இன்னும் நல்ல எடை கிடைக்க வேண்டாமா?

மேலே உள்ளவர்களுக்கோ வழி இன்னும் அகலம். வேர்ல்ட் கிராண்ட் பிரீக்கு அந்தப் பருவத்தில் அதிகம் சம்பாதித்த 32 பேர், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்புக்கு 16, டூர் சாம்பியன்ஷிப்புக்கு 12. பணம் உள்ளவர்கள் மட்டும் நுழையும் போட்டிகள், அங்கே கிடைக்கும் பணமும் தரவரிசையில் சேர்கிறது.

ஸ்பான்சர் தரும் பணம்தான் போட்டியின் மதிப்பு என்று நீங்கள் சொல்லலாம். டென்னிஸைப் பாருங்கள். நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் பரிசுத் தொகை வேறு வேறு, ஆனால் வென்றவருக்கு எல்லா இடத்திலும் 2,000 புள்ளிதான். பணம் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். யாருக்கும் குழப்பம் வரவில்லை.

புள்ளி முறை திரும்பினால் எங்களுக்கும் ஒரு நன்மை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தியன் ஓபன் 2013இல் டெல்லியில் தொடங்கியது. அந்த முதல் வருஷமே ஆதித்யா மேத்தா இறுதிக்குப் போனார், டிங் ஜூன்ஹூயியிடம் தோற்றார், ஆனால் ஒரு இந்தியர் தரவரிசைப் போட்டியின் இறுதியில் ஆடியது அதுவே முதல்முறை. மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று சுற்றி 2019இல் கொச்சிக்கு வந்தபோது நானும் ரயிலேறிப் போனேன். மேத்யூ செல்ட் 5-3 என்று லியூ ஹாவ்டியானை வென்று தன் முதல் தரவரிசைப் பட்டத்தை வாங்கினார். பரிசு 50,000 பவுண்டு. அதற்குப் பிறகு இந்தியாவில் ஒன்றும் நடக்கவில்லை. 50,000 பவுண்டுப் போட்டி இன்றைய கணக்கில் உலகப் பட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்காக ஒரு முன்னணி வீரர் ஏன் விமானம் ஏற வேண்டும்? அதே போட்டிக்கு 5,000 புள்ளி என்று வைத்தால், பரிசு குறைவாக இருந்தாலும் வருவார்கள். எங்கள் பையன்களும் அவர்களோடு மோதுவார்கள்.

பரிசுத் தொகையில் ஒரு பவுண்டுகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன், ஒவ்வொரு போட்டிக்கும் நிலையான புள்ளி அட்டவணை ஒன்றைப் பழைய 10,000, 8,000, 5,000 விகிதத்தை ஒட்டி வெளியிடுங்கள். உடனே மாற்றுவது கஷ்டம் என்றால், ஒரே ஒரு பருவத்துக்கு அந்தப் புள்ளிப் பட்டியலையும் பணப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று வீரர்களும் நாங்களும் பார்க்கிறோம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து ஒரு ரசிகன்