டிராக்டர் உரிமையாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்து டிராக்டர்காரர்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் இந்த வருஷத்து அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் சங்கக் கட்டடத்தில் நடந்தது. உழவு வாடகையை மணிக்கு இவ்வளவு என்று ஒரே சீராக வைக்க முடிவெடுத்தோம். ஜல்லிக்கட்டு சமயம் இரண்டு உறுப்பினர்கள் தண்ணீர் டேங்கர் கொடுத்து உதவினார்கள்.

இனி பாரம் கட்டும் பயிற்சி பற்றிச் சொல்ல வேண்டும். சங்கப் பணத்தை எடுத்துக் கயிறும் பெல்ட்டும் வாங்குவதுதான் செயலாளர் வேலையா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது, எனக்கும் பதில் சொல்லக் கடமை இருக்கிறது.

போன சித்திரையில் குட்லாடம்பட்டிப் பக்கம் ஒரு காட்டுக்கு வேலைக்குப் போனேன். இரண்டு சக்கர டிரெய்லரில் பவர் டில்லர், அதாவது கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து உழுகிற மெஷின். டிரெய்லருக்குப் பின்னால் சோளம் அடிக்கிற மெஷினையும் மாட்டியிருந்தேன். ஒரே நடையில் முடியட்டும், டீசல் மிச்சம் என்ற எண்ணம்தான். டில்லரைப் பெட்டியின் பின்பக்கம் நிறுத்தி, கைப்பிடியில் ஒரு நைலான் கயிறு மட்டும் கட்டியிருந்தேன். வழியில் கயிறு இளகி, டில்லர் உருண்டு பின்கதவில் போய் முட்டியது. அந்த நிமிஷமே டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. பின்னால் வந்த மெஷின் அதை இன்னும் இழுத்து ஆட்டியது. இறக்கம் வேறு. கொக்கிப் பின்னுக்குக் கிளிப் மாட்டவில்லை, பின் துள்ளி வெளியே வந்துவிட்டது. பெட்டி கழன்று வாய்க்காலில் சாய்ந்தது. வழக்கமாகப் பெட்டியில் உட்கார்ந்து வரும் பையன் அன்று பைக்கில் பின்னால் வந்ததால் பிழைத்தான். அந்தப் பையனின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை.

அதற்கப்புறம் தான் இந்தப் பயிற்சி. மூன்று ஞாயிற்றுக்கிழமை நடத்தினோம். முப்பது வருஷம் லாரி ஓட்டிய ஒரு பெரியவர் வந்து சொல்லிக்கொடுத்தார்.

அவர் முதலில் பேசியது மாட்டு வண்டியைப் பற்றி. முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் நம் அப்பா, தாத்தா மூட்டை அடுக்கினார்கள். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டை நுகத்தில் பூட்டுகிற பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் மாடு கழுத்தில் சுமக்க முடியாமல் திணறும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம், கொக்கியில் உட்கார வேண்டும். பின்பாரமாக இருந்தால் டிரெய்லர் வாலாட்டும். ரொம்ப முன்பாரமானாலும் ஆபத்து: மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் லேசாகித் தூக்கிவிடும், ஸ்டியரிங் பிடிக்காது. டில்லர் 400 கிலோவை ஒட்டி வருகிற சாமான். அதை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவதா, பின்கதவோரம் நிறுத்துவதா என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி கட்டுவதில். கைப்பிடியிலும் மட்கார்டிலும் கட்டினால் குலுக்கலில் அது வளையும், கயிறு இளகும். டில்லரின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், அச்சில், நான்கு மூலைக்கும் நான்கு ராட்செட் பெல்ட், அதாவது நெம்பி இறுக்குகிற பட்டை போட வேண்டும். முன்னால் இரண்டு முன்னோக்கி இழுக்க வேண்டும், பின்னால் இரண்டு பின்னோக்கி இழுக்க வேண்டும். பெல்ட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்று தைத்திருக்கும், அதைப் படிக்காமல் வாங்கக்கூடாது. இரும்பு விளிம்பில் உரசும் இடத்தில் சாக்கு மடித்து வைக்க வேண்டும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்தப் பெல்ட்டும் முதல் குலுக்கலில் கொஞ்சம் இளகத்தான் செய்யும்.

ஏற்றும்போது நடக்கும் விபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கமாக டில்லரை ஏற்றினால் பெட்டி அப்படியே பின்னால் குடை சாயும். டிராக்டரில் மாட்டியபடிதான் ஏற்ற வேண்டும். பலகை நீளமாக இருக்க வேண்டும், நழுவாதபடி பெட்டியோடு கட்டியிருக்க வேண்டும். பலகையில் இருக்கும்போது டில்லரைத் திருப்புவதற்குக் கைப்பிடியில் இருக்கும் ஸ்டியரிங் கிளட்சைத் தொடவே கூடாது, இறக்கத்தில் அது நாம் நினைக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் என்று டில்லரைப் பல வருஷமாக ஓட்டும் உறுப்பினர் ஒருவரே சொன்னார்.

ரோட்டில் இறங்கினால் டிராக்டரின் இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொண்டி போட வேண்டும், ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பின்னால் இருக்கும் பாரம் மொத்தமும் டிராக்டரைத் தள்ளும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். கொக்கிக்கு அடியில் சங்கிலி குறுக்காகப் போட வேண்டும். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் ஒட்ட வேண்டும். நான்குவழிச் சாலையைக் கடந்து போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அதிகப் பாரத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

இதையெல்லாம் பேசி ஒரு தீர்மானம் போட்டோம். ஒரு டிராக்டருக்கு ஒரு டிரெய்லர். அதன் பின்னால் இன்னொன்றை மாட்டுவதில்லை. இரண்டு நடைக்கு டீசல் யார் தருவார் என்று கூட்டத்திலேயே குரல் வந்தது. வாய்க்காலில் கிடந்த பெட்டியைத் தூக்க எனக்கு ஆன செலவில் எத்தனையோ நடை அடித்திருக்கலாம்.

வருகையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர்கள் 58 பேர். முதல் ஞாயிறு வந்தது 31, அடுத்தது 17, கடைசி ஞாயிறு 9. சங்கம் வாங்கிய 12 பெல்ட்டில் 5 இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்தவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் யாரிடம் இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியும். சந்தா 600 ரூபாய்தான். இரண்டு வருஷமாகக் கட்டாதவர்கள் 23 பேர். அவர்களில் ஏழெட்டுப் பேர் அவசரத்துக்குச் சங்கப் பலகையைக் கேட்டு வருகிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, கொடுத்தால் மற்றவர்கள் என்னைக் கேட்கிறார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பெல்ட், சங்கிலி, பலகை வகையில் பதினெட்டாயிரம் சொச்சம் போனது. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பில்கள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

இடம் கொடுத்த தலைவர், டீ செலவை ஏற்றுக்கொண்ட பொருளாளர், செயற்குழுவினர் எல்லோருக்கும் நன்றி. கூலி வாங்காமல் வந்து சொல்லிக்கொடுத்த லாரிக்காரப் பெரியவருக்குத் தனியாக நன்றி.

அடுத்த வருஷம் சங்கத்துக்கு இன்னும் எட்டு பெல்ட், எல்லா டிரெய்லருக்கும் கொக்கிக் கிளிப், சங்கிலி வாங்க ஆசை. பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். எனக்கும் வயதாகிறது, மூன்று வருஷமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறு யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுப்பேன். அதுவரை ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை சங்கக் கட்டடத்தில் இருப்பேன். பெல்ட்டைத் திருப்பித் தருகிறவர்கள் அப்போது வரலாம், எதுவும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்