உன் குதிகால் பற்றி

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் ரொம்பச் சந்தோஷம். உன் வீட்டம்மாவுக்கு இனி ஹாஸ்டல் சாப்பாட்டுக் கவலை இல்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் காது மந்தம் கூடிவிட்டது. மெஷின் வாங்கிக் கொடுத்தால் அதை டப்பாவிலேயே பத்திரமாக வைத்திருக்கிறாள்.

சரி, உன் காலுக்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் விறைப்பு, நாலு அடி நடந்தால் சரியாகிறது, ஓடிய மறுநாள் வலி என்கிறாய். குதிகாலுக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை தள்ளிக் கிள்ளிப் பார். அங்கே வலித்தால் அநேகமாக அக்கிலிஸ் நாண்தான், அதாவது கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு சேர்க்கும் தடித்த நார். யாரோ “தேய்ந்துபோச்சு, இனி ஓடாதே” என்றாராமே, அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அது ஒற்றை நாண் அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள். கெண்டைக்காலில் மேல்சதைக்கு இரண்டு பிரிவு, அதற்கு அடியில் சோலியஸ் என்று இன்னொரு சதை. மூன்றிலிருந்தும் இறங்கும் இழைக்கற்றைகள் முப்புரிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு குதிகால் எலும்பில் சேர்கின்றன. அல்ட்ராசவுண்ட் கருவியை அங்கே நீளவாக்கில் வைத்து, பாதத்தை அழுத்தச் சொன்னால் திரையில் இந்தக் கற்றைகள் வெள்ளைக் கோடுகளாக நகரும். எல்லாம் ஒரே அளவில் நகராது. ஆழத்தில் இருப்பவை அதிகம் நழுவும், தோலை ஒட்டியவை பின்தங்கும். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறைகிறது, அதாவது கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று முன்போலச் சறுக்குவதில்லை. நமக்கெல்லாம் அந்த வயது வந்தாச்சு.

முழு பலத்தோடு அழுத்தினால் நாண் சுமார் 5 சதவீதம் நீளும், 15 செ.மீ. நாண் என்றால் முக்கால் செ.மீ. விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பி, வாங்கிய ஆற்றலில் 90 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நீ ஓடும்போது மூச்சு மிச்சமாவது இதனால்தான். ஆனால் சுமை கொஞ்சநஞ்சமல்ல. பின்லாந்தில் பாவோ கோமி என்ற ஆய்வாளர் நாணிலேயே உணரியைப் பொருத்தி அளந்தபோது, வேகமாக ஓடுகையில் உடல் எடையைப்போல 12 மடங்குக்கு மேல் விசை விழுந்தது.

இன்னொரு விஷயம் கேள். நாணின் உட்பகுதி சுமார் 17 வயதுக்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. பழைய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பனின் தடத்தை வைத்து டென்மார்க்கில் 2013இல் கண்டுபிடித்தார்கள். பள்ளி மைதானத்தில் கபடி ஆடிய காலத்து நாணை வைத்துத்தான் இன்றைக்கும் ஓடுகிறாய்!

அப்புறம் எப்படி உறுதியாகும் என்பாய். சுமை கொடுத்தால் நாண் உறுதிப்படும், ஆனால் சதையைவிட நிதானமாக. லேசான சுமைக்கு அது மசியாது. நீ சொல்லும் ஓய்வால் வலி அடங்கும், மறுபடி ஓடினால் திரும்பி வந்து நிற்கும். ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற டாக்டர் 1998இல் வெளியிட்ட முறையைத்தான் நானும் பலருக்குக் கொடுக்கிறேன். படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்கு. 15 தடவை வீதம் 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். பழகியதும் முதுகுப்பையில் எடை போட்டுக்கொள். லேசான வலி இருந்தால் பரவாயில்லை, கூடிக்கொண்டே போனால் நிறுத்து. வலி எலும்பிலேயே என்றால் மட்டும் படிக்குக் கீழே இறக்காதே, தரைமட்டம் போதும்.

இப்படிப் பயிற்சி செய்ததும் நாணிலிருந்து நீர் பிழியப்பட்டு, தடிமன் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். பழைய நிலைக்கு வர ஒரு நாள் ஆகும். அதனால் ஓட்டத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொள்.

உனக்குச் சர்க்கரை இருக்கிறது, அது நாணுக்கு ஆகாது. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை எதுவும் சாப்பிட்டாயா? அந்த வகை மருந்தால் நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. சாப்பிட்டிருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் டாக்டரிடம் சொல்.

ஸ்கேன் எடுத்திருந்தால் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு, ரிப்போர்ட் மட்டும் போதாது. பொங்கலுக்குத் திருச்சி வந்தால் நானே பார்த்துவிடுகிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
முருகேசன்