சதர்ன் ராக்கை அந்த ஒரு பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் இசை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக்கை இரண்டே வரிகளில் முடித்துவிட்டது. 'ஸ்வீட் ஹோம் அலபாமா' என்ற ஒரு பாட்டு, மேடையில் விரித்த ஒரு கொடி, அவ்வளவுதான். எழுபதுகளில் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், அந்த இசையைக் கேட்டே வளர்ந்தவன் நான். என் தந்தை அங்கே மருத்துவராக இருந்தார். அந்த வரிகளைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொடியை மறைக்க நான் வரவில்லை. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் போரில் ஏந்திய கொடி அது. 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வைத் தந்த லினர்ட் ஸ்கினர்ட் குழு அதை மேடையில் விரித்தது உண்மை. அது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கட்டுரையாளர் குறிப்பிட்ட அந்தப் பாட்டில் பின்குரல் கொடுத்த மெர்ரி கிளேட்டனும் கிளைடி கிங்கும் கறுப்பினப் பெண்கள். அது இடம்பெற்ற 1974ஆம் ஆண்டு இசைத்தட்டிலேயே 'தி பாலட் ஆஃப் கர்டிஸ் லோ' இருக்கிறது. காலி சோடா பாட்டில்களைப் பொறுக்கிச் சேர்த்த காசோடு ஓடி, ஊரார் மதிக்காத ஒரு கறுப்பின முதியவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் சிறுவனின் கதை. தாய் அடித்தும் அவன் போவதை நிறுத்தவில்லை. கைத்துப்பாக்கிகளைக் கடலில் கொட்டச் சொல்லும் 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' அடுத்த ஆண்டு வந்தது. மூன்றையும் பாடியவர் அந்தக் குழுவின் பாடகர் ரோனி வான் சான்ட். 1977 அக்டோபரில் மிசிசிப்பியில் நடந்த விமான விபத்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

கட்டுரையில் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் பெயர்கூட இல்லாததுதான் என்னை மிகவும் வருத்தியது. இந்த இசையின் தாய்வீடே அவர்கள்தாம். 1969இல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கூடி, மேக்கனுக்கு வந்து குடியேறினார்கள். உணவகங்களில் கறுப்பர்களைத் தள்ளிவைப்பதற்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்து அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஊரில், அந்தக் காலத்தில், ஜெய்மோ என்ற கறுப்பினக் கலைஞரும் புட்ச் டிரக்ஸ் என்ற வெள்ளையரும் அருகருகே அமர்ந்து இரட்டை டிரம்ஸ் வாசித்தார்கள்.

1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான அவர்களது இசைத்தட்டை வாசகர்கள் தேடிக் கேட்க வேண்டும். அதிலுள்ள 'விப்பிங் போஸ்ட்' என்ற பாட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாட்டின் தொடக்கம் பதினோரு எண்ணிக்கையில் சுழலும். தாளம் எங்கே விழுகிறது என்று விரல்விட்டு எண்ணியபடியே நானும் நண்பர்களும் மாலைகளைக் கழித்திருக்கிறோம். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைக் குப்பியை விரலில் மாட்டி, கம்பிகள்மீது வழுக்கியபடி குழுவின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் வாசித்த ஸ்லைடு கிட்டார், ஒரு மனிதர் தொண்டை கம்ம அழுவதைப் போலவே இருக்கும். அந்த இசைத்தட்டு வெளியான சில மாதங்களில், அக்டோபர் 29 அன்று, மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் இறந்தார். வயது 24. மறு ஆண்டு நவம்பரில், அந்த இடத்துக்கு அருகிலேயே, அதே விதமான விபத்தில், அதே வயதில் பேஸ் கிட்டார் வாசித்த பெர்ரி ஓக்லியும் போனார். எங்கள் பள்ளிப் பேருந்து அந்தப் பக்கம் போகும்போது மூத்த மாணவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள், பேருந்தே அமைதியாகிவிடும்.

இருவரும் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் டிக்கி பெட்ஸ் தமது மகத்தான இசைத்துண்டு ஒன்றுக்கு எலிசபெத் ரீட் என்ற பெயரை எடுத்ததும் அங்குள்ள ஒரு கல்லறைக் கல்லிலிருந்துதான். இரண்டு மரணங்களுக்குப் பிறகும் குழு உடையாமல் நின்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1973இல் அவரது 'ராம்ப்ளின் மேன்' பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை போனது. எனக்கோ, தம் சிறுமகளின் பெயரில் அவர் அமைத்த 'ஜெஸிகா'தான் உயிர். சொல்லே இல்லாத இசை. வீணை கற்ற என் தாயார், ரேடியோவில் அது வரும்போது மட்டும் ஒலியைக் குறைக்கச் சொன்னதே இல்லை.

தென் கரோலினாவின் மார்ஷல் டக்கர் குழு, தொடக்கத்தில் புல்லாங்குழல் ஒலிக்கும் அவர்களது 'கான்ட் யூ சீ' பாட்டு என்று இன்னும் நிறைய இருக்கிறது. கடிதத்தில் இடம் போதாது.

டிக்கி பெட்ஸ் 2024 ஏப்ரலில் மறைந்தபோது தமிழ் இதழ்கள் எதிலும் நான் அஞ்சலி காணவில்லை. தாங்களாவது ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். அது அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரிலுள்ள ஃபேம் ஸ்டுடியோவிலிருந்து தொடங்கட்டும். ஆல்மன் பிரதர்ஸ் உருவாவதற்கு முன், 1968இல், கறுப்பினப் பாடகர் வில்சன் பிக்கெட்டுக்கு டுவேன் கிட்டார் வாசித்தது அங்கேதான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஜார்ஜியா, அமெரிக்கா