பிரஷர் முகாம்களில் தலைக்கணக்கு போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்களை இன்னும் பெருக்க வேண்டும் என்று ஒரு சாராரும், அவரவர் உடம்பை அவரவரே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று மறுசாராரும் வாசகர் பகுதியில் வாதாடி வருகிறார்கள். பிரஷரை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை இரு சாராருமே எழுப்பவில்லை.

முகாமில் நடப்பது இதுதான். வரிசையில் நின்றவர் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் வந்து உட்கார்ந்த உடனே சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை தொடைமேல் கிடக்கிறது. பெயர், வயது கேட்டுக்கொண்டே காற்றடிக்கிறார்கள். கை இதயமட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 மி.மீ. (பாதரச அளவு) கூடுதலாகக் காட்டும், அது ரத்தத்தின் எடை, நோய் அல்ல. பேச்சும், முட்டி நிற்கும் சிறுநீரும், கால்மேல் கால் போட்டிருப்பதும் தம் பங்குக்கு ஏற்றும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் 20 மி.மீ. வரைகூட ஏறலாம். உண்மையில் மேல் அளவு (இரண்டு எண்களில் முதலாவது) 128 இருப்பவர் 145 என்று எழுதிய சீட்டோடு வீடு திரும்புகிறார்.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும்போது காற்றை விநாடிக்கு 2, 3 மி.மீ. வேகத்தில்தான் இறக்க வேண்டும். அவசரத்தில் திறந்துவிட்டால் மேல் அளவைக் காட்டும் முதல் ஒலி தவறிப்போய், அந்த அளவு குறைவாகப் பதிவாகும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவரை ‘நார்மல்’ என்று அனுப்பிவைப்பது, பார்க்காமலே விடுவதைவிடக் கெடுதல் என்பேன். அவர் மறுபடி எங்கும் பார்த்துக்கொள்ள மாட்டார்.

சரியாகப் பார்க்கப் பெரிய செலவில்லை. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசைமேல் இதயமட்டத்தில் வைத்து, வெறும் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே நிற்கட்டும். உள்ளிருக்கும் காற்றுப்பை கைச்சுற்றளவில் 80 சதவீதமாவது சூழ வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுக்கலாம். முதல் அளவு பெரும்பாலும் சற்றுத் தூக்கலாகவே வரும்.

வீட்டில் கருவி வைத்திருப்பவர்கள் மணிக்கொரு தரம் பார்த்துக் கலங்க வேண்டாம். 7 நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இரண்டிரண்டு முறை பார்த்து எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி பாருங்கள். வீட்டு அளவுக்கு 135/85தான் எல்லை, மருத்துவமனை அளவுக்கான 140/90 அல்ல. நாடித்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்குத் தானியங்கிக் கருவி ஏமாற்றும். அவர்கள் மருத்துவரிடமே பார்ப்பது நல்லது.

அரசுக்குச் சொல்ல வேண்டியது, முகாமின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள் என்பதுதான். 120/80, 130/80, 140/90 என்று பக்கம் பக்கமாகப் பூஜ்ஜியத்தில் முடிந்தால் அது உத்தேசக் கணக்கு. கையால் காற்றடித்துப் பார்க்கும் கருவியின் முகப்பில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு இருக்கிறது; ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஐந்தில் ஒன்றுதான் பூஜ்ஜியத்தில் முடியும். இதைச் சரிபார்க்க நிபுணர் குழு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு மேசைக்கும் சாய்மான நாற்காலியும், மூன்று அளவுப் பட்டைகளும், தரச்சோதனையில் தேறிய கருவியும் கொடுத்தாக வேண்டும். முள் காட்டும் கருவிகள் போகப்போகப் பிசகும் என்பதால், குறித்த காலத்தில் அவற்றைச் சரிபார்க்கவும் வேண்டும்.

இப்படிச் செய்தால் ஒரு நாளில் பார்க்கும் ஆட்கள் குறைவார்கள்தான். குறையட்டும். உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்ட சுமார் 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் தன் 2023 அறிக்கையில் கணக்கிட்டது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. முதல் குறைக்கு முகாம் உதவும், இரண்டாவதற்கு உதவாது. ஆகவே முகாம் அறிக்கையில் எத்தனை பேருக்குப் பார்த்தோம் என்பதோடு, 140/90ஐத் தாண்டியவர்களில் எத்தனை பேர் வேறொரு நாளில் மறுபடி பார்த்துக்கொண்டார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு அளவு இறங்கியிருக்கிறது என்ற இரண்டு எண்களையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்றுநர் ஒருவர்