சுயவிபரக்கோவை இன்னும் வேண்டுமா: கொழும்பு நண்பருக்கு ஒரு கடிதம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

பேத்திக்கு ஏடு தொடக்கிய செய்தியோடு வந்த உமது கடிதத்தை வாசித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே நாங்கள் நலம்; முழங்கால் வலியால் என் மாலை நடை மட்டும் நல்லூர்வரை போகாமல் பாதியில் திரும்புகிறது. கடிதத்தின் கடைசிப் பந்தியில், போகிற போக்கில் கேட்பதுபோல, நீர் கேட்டிருந்த கேள்விக்கு விடை எழுதவே இன்று உட்கார்ந்தேன். தொழில் விபரங்களைப் போட்டுவைக்கும் இணையத்தளமான லிங்க்ட்இன்னில், உமது பக்கத்தில் முப்பது வருட வேலையும் ஒழுங்காகக் கிடக்கும்போது, பிரதம நிறைவேற்று அதிகாரி பதவிக்கு உம்மை அணுகியிருக்கும் அந்த நிதிக் கம்பனி சுயவிபரக்கோவையையும் அனுப்பச் சொல்வது பழைய பழக்கத்தின் மிச்சம்தானே என்று கேட்டிருக்கிறீர்.

நான் அப்படி நினைக்கவில்லை. முதல் வேலை தேடும் ஓர் இளைஞருக்கு அந்தப் பக்கமே போதுமாக இருக்கலாம். உம்மைப் போன்ற நிலையில் இருப்பவருக்குத்தான் சுயவிபரக்கோவை கூடுதலாக வேண்டும் என்பேன்.

கடந்த மாதம் இங்குள்ள ஒரு நிறுவனத்துக்குப் பொது முகாமையாளரைத் தெரிவுசெய்யும் குழுவில் என்னையும் இருத்தியிருந்தார்கள். விண்ணப்பித்தவர்களில் ஒருவர், பெரிய இடங்களில் இருந்தவர், கோவைக்குப் பதிலாகத் தமது லிங்க்ட்இன் இணைப்பை மட்டும் அனுப்பியிருந்தார். தலைவர் அதைக் கைப்பேசியில் திறந்து பார்த்தார். அந்தத் தளத்தில் கணக்கு இல்லாத இன்னோர் உறுப்பினரை அது உள்ளே விடவில்லை. மூன்றாமவரோ, நாம் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கினார். கடைசியில் அலுவலகத்துப் பிள்ளை ஒருவர் அதைப் பிடிஎஃப் ஆக இறக்கி, அச்சடித்துக் கொண்டுவந்து தந்தார். விண்ணப்பித்தவர் வகித்த பதவிகள் அனைத்தும் அதில் இருந்தன. எங்கள் கேள்விக்கு விடை மட்டும் இருக்கவில்லை. கடன் அறவீடு தளர்ந்து, கிளைகளின் கணக்கு ஒன்றோடொன்று ஒவ்வாமல் நிற்கும் ஓர் இடத்தை இவர் இதற்கு முன் எங்காவது நிமிர்த்தியிருக்கிறாரா என்பதுதான் நாங்கள் அறிய விரும்பியது. மற்றொருவர் இரண்டே பக்கங்களில் எழுதிய கோவையில் முதலாவதாக அதையே சொல்லியிருந்தார்: தாம் பொறுப்பேற்றபோது நிலுவை எவ்வளவு, மூன்றாம் ஆண்டு முடிவில் எவ்வளவு, அதற்காக மூடிய கிளைகள் எத்தனை, அவற்றுள் மூடியது பிழை என்று பின்னர் தெரிந்தது எது. அந்தக் கடைசி வரியை எந்த மனிதரும் ஊர் பார்க்கும் பக்கத்தில் எழுதமாட்டார். எங்கள் குழு அவரோடு ஒன்றரை மணித்தியாலம் பேசியதே அந்த வரியைப் பற்றித்தான்.

எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சை நினைத்துப் பாரும். பிள்ளையின் படம் தரகர் கையில் ஊரெல்லாம் போகும். சாதகக் குறிப்பைக் கேட்ட வீட்டுக்கு மட்டும்தான் கொடுப்போம். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் குறிப்புக் கேட்காத தகப்பனும் இல்லை, குறிப்பைக் கொண்டுபோய் மதிலில் ஒட்டுகிறவரும் இல்லை. லிங்க்ட்இன் பக்கம் படம், கோவை குறிப்பு. (உமது குறிப்பைப் பார்த்த சாத்திரியார் சொன்னதொன்றும் பலிக்கவில்லை என்பது வேறு கதை.)

நிதிப் பொறுப்பில் இருக்கும் உமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீர் செய்த வேலையில் மிகப் பெரியது எது என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறீர். அதில் வங்கியோடு பேசிய வட்டி வீதமும், விற்றுவிட்ட ஒரு பிரிவின் நட்டமும் வருகின்றன. அவற்றைப் பகிரங்கமாக எழுதினால் இப்போதைய முதலாளிக்குத் துரோகம்; எழுதாமல் விட்டால் உம்மை மற்ற நூறு பேரிலிருந்து பிரித்துக்காட்ட ஒன்றுமில்லை. பெயர்களை மறைத்து, அளவை மட்டும் விகிதமாகச் சொல்லி, குறிப்பிட்ட ஒருவரின் கைக்கு மட்டும் போகும் கோவையில்தான் அதற்கு இடம் உண்டு.

இன்னொன்று என் சொந்த அனுபவம். கொழும்பில் மனிதவளப் பிரிவில் இருந்த காலத்தில், ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை என் லிங்க்ட்இன் பக்கத்தில் நெடுநாள் திருத்தாமல் கிடந்த சில வரிகளைத் திருத்தினேன். மாற்றங்களை மற்றவர்களுக்கு அறிவிக்காதபடி அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. திங்கள் காலை தலைவர் அழைத்து, எங்கே போகப் போகிறீர் என்று கேட்டார். எங்கும் போக நினைத்திராத நான் அடுத்த ஆறு மாதம் போகப்போகிறவனாகவே நடத்தப்பட்டேன். பதவி மாற நினைப்பவர் கோவையைத் திருத்தினால் அது மேசை லாச்சிக்குள் இருக்கும்.

இனி, உம்மை அணுகியிருப்பது நிதிக் கம்பனி என்பதால், சட்டமும் குறுக்கே வருகிறது. 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் இயங்கும் கம்பனிகளின் பணிப்பாளர்களும் நிறைவேற்றுப் பொறுப்பில் இருப்பவர்களும் அதற்குத் தகுதியும் பொருத்தமும் உள்ளவர்களா என்பதை மத்திய வங்கி பார்க்கும். நீர் தருகிற விபரங்களுக்குக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும், சத்தியக்கடதாசியும் கேட்பார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனியாக இருந்து உம்மைப் பணிப்பாளர் சபைக்கும் எடுத்தால், உமது சுருக்கமான சுயவிபரம் சந்தைக்கு அறிவிக்கப்படும். இவற்றுக்கெல்லாம் நாளும் பொழுதும் மாற்றக்கூடிய ஓர் இணையப் பக்கத்தை ஆதாரமாக வைக்க இயலாது. திகதியிட்டுக் கோப்பில் போடக்கூடிய தாள் வேண்டும்.

இதற்காக அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர். 2003 இல் அந்தத் தளம் தொடங்கியதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற, பெரிய இடத்து உறவினர் இல்லாதவர்களை ஆள்தேடும் நிறுவனங்கள் தாமாகவே கண்டுபிடிக்கத் தொடங்கின. உம்மையும் அப்படித்தான் கண்டிருப்பார்கள். தலைப்பு வரிக்கு 220 எழுத்துகளும் அறிமுகத்துக்கு 2,600 எழுத்துகளும் தருகிறார்கள். நீரோ தலைப்பில் பதவிப் பெயரை மட்டும் போட்டுவிட்டு அறிமுகத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர். ஒரு பந்தி எழுதும். பதவிகளின் ஆண்டும் மாதமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் குழுவில் ஒருவர் விழுந்ததே அதனால்தான்: கோவையில் 2014, பக்கத்தில் 2015. மறதியாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன எல்லா எண்ணையும் இரண்டாம் முறை பார்த்தோம்.

ஆண்டு என்றதும் உமது அந்தப் பதினான்கு மாதம் நினைவுக்கு வருகிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது விட்ட வேலைக்கும், 1997 தையில் கொழும்பில் எடுத்த வேலைக்கும் இடையில் உமது பக்கத்தில் வெறும் வெளி இருக்கிறது. பணி இடைவெளியைக் குறிக்க அந்தத் தளம் 2022 இல் தனி இடம் திறந்ததுதான். ஆனாலும் உமக்கு அதை எல்லோருக்கும் சொல்ல விருப்பமில்லை என்றால் நான் குறை சொல்லமாட்டேன். கோவையில் ஒரு வரி போதும்: “இடப்பெயர்வு, கொடிகாமத்தில் நிவாரணக் கணக்குப் பொறுப்பு.” கணக்காளர் ஒருவர் கொப்பித் தாளில் நாலாயிரம் குடும்பத்துக்கு அரிசிக் கணக்கு வைத்ததை நான் தெரிவுக் குழுவில் இருந்தால் முதலாவதாகக் கேட்பேன்.

அளவு இரண்டு பக்கம், மிஞ்சினால் மூன்று. நாங்கள் 1991 இல் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் தட்டச்சிய கோவையில் இருந்த தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், க.பொ.த. உயர்தரப் பெறுபேறு, கிராம சேவகரின் நற்சான்று ஆகியவை இப்போது வேண்டியதில்லை. அடையாள அட்டை இலக்கத்தைச் சட்டம் கேட்கும் படிவத்தில் மட்டும் கொடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் எங்கள் ஆட்கள் அதைக் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். உம்மைப் பற்றி விசாரிப்பதற்கு உறவினரல்லாத இருவரின் பெயரையும், அவர்களிடம் சொல்லிவிட்டு, கேட்டபின் கொடுக்கலாம்.

வரைவை மின்னஞ்சலில் அனுப்பும். அச்சடித்துச் சிவப்புப் பேனையோடு இருந்து வாசிக்கிறேன். திரையில் வாசித்தால் எனக்குப் பிழை தெரிவதில்லை. அவர்கள் கேட்ட நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறதென்று எழுதியிருந்தீர். ஆகவே வெள்ளிக்கு முன் வந்தால் நல்லது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்