காப்புக் கட்டுமுன் காலைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலுள்ள எங்கள் மாரியம்மன் கோயில் தலைவருக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

என் அப்பா முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, லயத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தால் பாதி வழியிலேயே கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நிற்பார். இரண்டு மூன்று நிமிடத்தில் வலி போய்விடும். மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி அதே வலி. வயசாச்சு என்றோம், தைலம் தேய்த்தோம். போன திருவிழாவில் பால்குடம் எடுத்து வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தார். பாதம் கொப்பளித்தது அவருக்கே தெரியவில்லை. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, நரம்பை மரத்துப்போக வைத்திருந்தது. புண் ஆறாமல் கறுத்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இதில் கோயில் மீது குறையில்லை. நாலு வருஷம் அந்த வலியைக் கண்டுகொள்ளாமல் விட்டது நாங்கள்தான்.

இதற்குப் புறத் தமனி நோய் என்று பெயர். இதயக் குழாயில் படியும் அதே கொழுப்பு காலுக்குப் போகும் குழாயையும் சுருக்கிவிடுகிறது. நடக்கும்போது தசை கேட்கிற இரத்தம் வந்து சேராததால்தான் வலி. சிகரெட், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு எல்லாம் இதற்கு வழி விடுபவை. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4. காலில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தும் அதிகம். பலருக்கு வலியே இருக்காது என்பதுதான் வம்பு.

சரி, என் வேண்டுகோள். காப்புக் கட்டும் பக்தர்கள் பெயர் பதியும் நாளில் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். அரசாங்க கிளினிக்கிலிருந்து தாதியை அனுப்பச் சொல்லி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு நிர்வாகம் கடிதம் எழுதினால் மதிப்பிருக்கும். பாதத்தில் நாடி இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கருவி இருந்தால் கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுப்பார்கள், 0.9-உம் அதற்குக் கீழும் அடைப்பு. ஆனால் இனிப்பு நீர்க்காரருக்கு 1.4-ஐத் தாண்டினால் நல்லது என்று சிரிக்காதீர்கள். குழாய் விறைத்துப் போயிருக்கலாம், பெருவிரலில் அளக்க வேண்டும். உணர்ச்சியற்ற பாதக்காரரைத் தீக்குழியில் இறக்க வேண்டாம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

அப்புறம், மண்டபத்தைச் சுற்றியுள்ள சிமெண்டுப் பாதையை மாலையில் திறந்து வையுங்கள், நாலு பெஞ்சும் போடுங்கள். இந்த நோய்க்கு நடைதான் பெரிய மருந்து: வலி நன்றாகத் தெரியும்வரை நடந்து, உட்கார்ந்து, வலி போனதும் மறுபடி நடப்பது. வாரம் மூன்று நாள், முப்பது நிமிடத்துக்குக் குறையாமல், மூன்று மாதமாவது. அதுவும் சப்பாத்து போட்டுக்கொண்டு. சிகரெட்டை நிறுத்துவதும் டாக்டர் கொடுக்கும் கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின் போன்றவற்றை விடாமல் விழுங்குவதும் கூடவே வர வேண்டும். ஆனால் ஆறாத புண் உள்ளவரும், இரவில் கால் வலித்துக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுபவரும் நடைக்கு வரக்கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். ஒரு கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

மேசையும் நாற்காலியும் நான் கொண்டு வருகிறேன். அப்பாவும் வருவார். தன் காலைக் காட்டி நாலு பேரிடம் சொல்ல அவருக்கு வெட்கமில்லையாம்.

இப்படிக்கு,
கோயில் உபயக்காரர் ஒருவரின் மகள்